கடைமடைக்காரனின் வீக் எண்ட்

காரைக்கால் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். ஒன்று, "சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறில் ரூம் கிடைக்குமா சார்?" இரண்டாவதைக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். "வரும்போது ரெண்டு பாட்டில்..."

மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதை எங்கள் ஊர்க்காரர்கள் எங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்வோம். "உங்க தாத்தா கையெழுத்துப் போட்டாரா?"

விஷயம் இதுதான். 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டார்கள். ஆனால் சட்டப்படி கை மாறியது 1962 ஆகஸ்ட் 16-ம் தேதிதான். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். போட்டவர்களின் பேரன்கள் இன்று பாரீஸில் இருந்துகொண்டு, மாங்கனித் திருவிழாவுக்கு கூலிங் கிளாஸோடு வந்து இறங்குகிறார்கள். 'சொல்தா' வீடுகளுக்கு பென்ஷன் யூரோவில் வந்தது.

என் தாத்தா போடவில்லை. ஆபீசுக்குக் கிளம்பிய அன்று எங்கள் வயலில் நடவு. "நாத்துப் பறிச்சுப் போட்டாச்சு. கையெழுத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாராம். அந்த 'நாளைக்கு' வரவேயில்லை.

ஆகவே, அவர் பேரன் 2012-ல் பிரான்சுக்குப் போனது வெறும் ஸ்டூடண்ட் விசாவில். பி.காம். முடித்துவிட்டு, லில் என்ற ஊரில் ஒரு மேல்படிப்பு. பாதிப் பணம் பேங்க் லோன். மீதிப் பாதிக்கு அப்பா ஆறு மா நிலத்தை அடமானம் வைத்தார். ஆறு மா என்றால் ரெண்டு ஏக்கர். எங்களிடம் இருந்ததே அவ்வளவுதான்.

அப்போது ஒரு யூரோ சுமார் 70 ரூபாய். பி.காம். புத்தி, எதைப் பார்த்தாலும் 70-ஆல் பெருக்கும். ஒரு காலிஃப்ளவர் வாங்கவே மூன்று நாள் யோசித்தவன் நான். அப்படிப்பட்டவனிடம் கோயம்புத்தூர் நண்பன் ஒருவன் சொன்னான். "மச்சி, ஆம்ஸ்டர்டாம் போகலாம். நைட் பஸ். போக வர ரொம்ப சீப்."

உடனே நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நானும் வாலிபன்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. அம்மா.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் கீழ்வேளூர் பக்கத்தில் ஆனைமங்கலம். நான் விமானம் ஏறும்போது, எல்லா அம்மாக்களும் சொல்வதுபோல் 'உடம்பைப் பாத்துக்கோ' என்று சொல்லிவிட்டு, கூடவே ஒன்று சொன்னாள். "எங்க ஊர்ப் பத்திரம் ஹாலந்துல இருக்காம்டா. அந்தப் பக்கம் போனா பாத்துட்டு வா."

பத்திரம் என்றால் சாதாரணப் பத்திரம் இல்லை. 21 செப்பேடுகள், ஒரு பெரிய வளையத்தில் கோத்து, சோழ முத்திரை போட்டது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு, ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் கிராமத்தைத் தானமாகக் கொடுத்த சாசனம். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு, இளவரசர் ஜுரத்தில் படுத்திருந்த அதே விகாரம்தான். பெண் யானையை நடக்கவிட்டு எல்லை குறித்து, 97 வேலிச் சொச்சம் நிலத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பிற்காலத்தில் டச்சுக்காரர்கள் 1658-ல் நாகப்பட்டினத்தைப் பிடித்து, 1781-ல் ஆங்கிலேயரிடம் விடும் வரை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் செப்பேடு கப்பலேறிவிட்டது. 1862-ல் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நம்மூர்க்காரன் விசா வாங்க அல்லாடுகிறான், நம்மூர்ப் பத்திரம் விசா இல்லாமலே போய் உட்கார்ந்துவிட்டது.

2012 நவம்பர் கடைசி சனிக்கிழமை. விடியற்காலையில் பஸ் எங்களை ஆம்ஸ்டர்டாமில் உதறிவிட்டுப் போனது. குளிர் பல்லைக் கிட்டியது. 'காபி ஷாப்' என்று ஒரு போர்டைப் பார்த்தேன். "வாடா, ஒரு ஸ்ட்ராங் காபி" என்றேன். நண்பன் என்னைக் கட்டிப் பிடித்து அழாத குறையாகச் சிரித்தான். அந்த ஊரில் காபி குடிக்க வேண்டுமென்றால் 'கஃபே' என்று போட்ட இடத்துக்குப் போக வேண்டும். 'காபி ஷாப்'பில் கிடைப்பது வேறு. அதைக் காரைக்காலில் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும். நண்பன் 'ஆராய்ச்சி'க்காக அங்கேயே தங்கிவிட்டான். நான் நடந்தேன்.

நடந்தேன் என்றா சொன்னேன்? வாய்பிளந்தேன். எந்தத் தெருவில் திரும்பினாலும் வாய்க்கால். 17-ம் நூற்றாண்டில் ஊரைச் சுற்றி வளையம் வளையமாக வெட்டியிருக்கிறார்கள். இந்தக் கரையில் சைக்கிள், அந்தக் கரையில் சைக்கிள். அந்தச் சைக்கிள்களில் வருஷத்துக்கு 12,000-க்கு மேல் தண்ணீருக்குள் இருந்து எடுக்கிறார்களாம். அதற்கென்றே இரும்புக் கை வைத்த படகு. நம்மூரில் தூர் வாரினால் மண் வரும், அங்கே ஹெர்குலிஸ் வருகிறது!

எனக்கு ஒன்றுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. தண்ணீர் கரை விளிம்புக்குக் கீழே அப்படியே ஒரே மட்டத்தில் நிற்கிறது. யாரும் முறை கேட்கவில்லை, சண்டை போடவில்லை. அந்த நாட்டில் கால் பங்குக்கு மேல் கடல் மட்டத்துக்குக் கீழே. அவர்கள் கவலை தண்ணீரை எப்படி வெளியே அனுப்புவது என்பது. நான் வந்த இடத்தில் கவலை வேறு.

லைடனுக்கு ரயிலில் அரை மணி சொச்சம். 1575-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், அதன் வாசலிலேயே ஒரு வாய்க்கால், மேலே வளைந்த பாலங்கள். நூலகத்தைத் தேடிப் போய், பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "என் தாயாரின் கிராமத்துப் பத்திரம்..." என்று ஆரம்பித்தேன். கேட்டவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். அதைப் பார்க்க முன்கூட்டியே எழுதிக் கேட்டு, நாள் வாங்கிக்கொண்டு வர வேண்டும். சனிக்கிழமை வந்து நின்றால் நடக்காது. தப்பு என்னுடையதுதான். மொட்டைக் கடுதாசி கூடப் போடாமல் 70-ஆல் பெருக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பாலத்தில் வந்து நின்றேன். செல்போன் ஒரு தடவை அடித்து நின்றது. அப்பாவின் மிஸ்டு கால். நம் நாட்டுப் பண்பாட்டின்படி 'நீ பேசு' என்று அர்த்தம்.

"என்னடா மணி அடிக்குது? கோயில்லயா இருக்கே?"

"சர்ச்சுப்பா. ரூமுக்குப் பக்கத்துல." பொய்.

"சரி. ஒரு விஷயம். மேட்டூரைப் பன்னெண்டாம் தேதி ஜூன்ல தொறக்கல்ல, செப்டம்பர் பதினேழுதான் தொறந்தான். நம்ம வாய்க்காலுக்கு வந்தது நாக்கு நனையல. மழையும் ஏமாத்திருச்சு. எஞ்சின் வச்சு எறைச்சா உப்புத் தண்ணி. பயிர் கருகுது. அடுத்த தவணைப் பணம் ஒரு மாசம் லேட்டாகும். அம்மா செயினை வச்சிடலாம்னு பாக்கறேன். நீ ஒண்ணும் கவலைப்படாம படி."

எனக்குக் கீழே, கரை விளிம்புக்கு ஒரு முழம் கீழே, தண்ணீர் சும்மா நின்றுகொண்டிருந்தது. பையில் இரண்டு டிக்கெட்டுகள். பஸ், ரயில், சாப்பாடு எல்லாம் சேர்த்து 63 யூரோ. பெருக்கிப் பாருங்கள். நான் அன்றைக்குப் பெருக்கவில்லை. தைரியம் வரவில்லை.

"அப்பா... நான் ரூம்ல இல்ல. ஹாலந்துல நிக்கறேன். சுத்திப் பாக்க வந்தேன்."

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"வாய்க்கா நெறைய இருக்குமாமே அங்க?"

"ஊர் முழுக்க வாய்க்காதாம்ப்பா."

"ஷட்டரை யாரு தொறக்கறது? லஸ்கர் உண்டா?"

எனக்குத் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தண்ணீரைக் கவனிக்க அங்கே தனி வாரியங்கள். 13-ம் நூற்றாண்டிலிருந்தே இருக்கின்றன. அதற்குத் தனி வரி, தனித் தேர்தல். ராஜாக்களுக்கும் சண்டைகளுக்கும் நடுவில் அந்த ஏற்பாடு மட்டும் நிற்கவில்லை.

"அம்மா ஊருப் பத்திரம் பாத்தியா?"

"இல்லப்பா. முன்னாடியே எழுதிக் கேக்கணுமாம். சனிக்கிழமை முடியாதுன்னுட்டாங்க."

"நம்ம ரிஜிஸ்தர் ஆபீஸ் மாதிரிதான்னு சொல்லு" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அதுல தண்ணி பாத்தியதை எழுதியிருக்கானா?" என்றார்.

இது எனக்குத் தெரிந்திருந்தது. "இருக்குப்பா. வாய்க்கா வெட்டித் தண்ணி பாச்சிக்கலாம்னு எழுதியிருக்காம்."

"அப்ப அதைக் கேட்டு வாங்கிட்டு வந்து மேட்டூர்ல காட்டுடா!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கருகின வயலை வைத்துக்கொண்டு மனுஷன் சிரிக்கிறார். நான் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் போன ஒரு கிழவி சைக்கிளை நிறுத்தி ஏதோ விசாரித்தாள். குளிர் என்று சைகை காட்டினேன்.

அதற்கப்புறம் சனி, ஞாயிறுகளில் ஒரு மளிகைக் கடையில் அரிசி மூட்டை தூக்கி, அம்மா செயினைக் காப்பாற்றினேன் என்று எழுத ஆசைதான். மூட்டை தூக்கியது நிஜம். செயின் போனதும் நிஜம். 2014-ல்தான் மீட்டோம். படிப்பு முடிந்ததும் பாரீஸ் உறவுக்காரர் ஒருவர், "விசா முடிஞ்சா என்ன தம்பி, கடையில இருந்துக்கோ" என்றார். ஊருக்கு வந்துவிட்டேன். அது சரியா தப்பா என்று இன்னும் ஐந்தொகை போட்டுப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் டாலியாகாது என்ற பயம்.

2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் எங்கள் பங்கு 7 டி.எம்.சி. என்றே நின்றது. பேப்பரில் வந்துவிட்டது, வாய்க்காலில் வர வேண்டும். 2025-ல் மேட்டூரை ஜூன் 12-ம் தேதி ஒழுங்காகத் திறந்தார்கள். கல்லணை தாண்டி, அரசலாறு வழியாக, ஊர் ஊராக நலம் விசாரித்துக்கொண்டு, ஒருவழியாக எங்கள் கடைமடைக்கும் தண்ணீர் வந்தது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வந்த அதன் முனையோடு கூடவே அப்பா கரையில் நடந்தார். கைத்தடியை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார்.

"ஏண்டா, அந்த ஹாலந்துல வருஷத்துக்கு எத்தனை சைக்கிள் விழுதுன்னே?"

"பன்னெண்டாயிரத்துக்கு மேலப்பா."

அப்பா தடியை உருவி, ஈரம் ஏறியிருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நம்ம வாய்க்கால்ல ஒண்ணு விழுந்தா, பெல்லு கூட நனையாது!"