காமிராவுக்கு ஒரு பூட்டு

சென்னையைப் பார்க்க வருகிறவர்கள் மெரினாவைப் பார்க்கிறார்கள். மயிலாப்பூர் கோபுரத்தைப் பார்க்கிறார்கள். ரங்கநாதன் தெருவில் நசுங்கி வெளியே வருகிறார்கள். "பட்டணம் பார்த்தாயிற்று" என்று திருப்தியோடு ரயில் ஏறிவிடுகிறார்கள். கோட்டைக்கு வடக்கே, கடலை ஒட்டியபடி ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று இன்னொரு சென்னை நீண்டு கிடப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. வாசகர்களே, காமிராவைத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு நாள் அங்கே போய் வரலாம்.

கிளம்புவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. "திருடன் ஜாக்கிரதை" என்று சொல்லப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். காமிராவின் தலையில் இருக்கும் திருகு சக்கரங்களைப் பற்றித்தான் சொல்கிறேன். 1900-இல் கோடக் கம்பெனி வெளியிட்ட 'பிரௌனி' பெட்டிக் காமிராவில் இந்தத் தொல்லை கிடையாது. பிலிம் சுற்றும் திருகைத் தவிர அதில் தவறிப்போய்த் திருப்ப அநேகமாக ஒன்றுமே இல்லை. இன்றைய காமிராவிலோ உடம்பெல்லாம் பொத்தான்! கூட்டத்தில் ஒரு முழங்கை பட்டால் போதும். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த கணக்கு மாறிவிடும். மாறியது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

காசிமேட்டு விடியல்

முதலில் காசிமேடு மீன்பிடி துறைமுகம். இருட்டோடு போய்விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டம் இன்னும் அதிகம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது போனால் கட்டிப் போட்ட படகுகளைத்தான் பார்க்கலாம்.

மற்ற நாட்களில் என்ன அமர்க்களம்! படகிலிருந்து கூடை கூடையாக மீன் இறங்குகிறது. வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கடமா, நண்டு, இறால்! ஏலம் கூவுகிறவரின் வாயைப் பார்ப்பதா, விலை கேட்கும் அம்மாளின் விரலைப் பார்ப்பதா என்று நமக்குத் திகைப்பு. "நவுருங்க சார், கூடை வருது!" என்ற குரல் காதில் விழுவதற்குள் கூடை தோளில் இடித்துவிடும்.

அந்த இடியில்தான் சக்கரம் திரும்புகிறது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் கூட்டல் 2-க்குப் போய்விட்டது என்று வையுங்கள். தேவையைப் போல் நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே போகும். வெள்ளி மாதிரி மின்னும் வவ்வாலின் செதில் எல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். ஏலம் முடிந்த மீனை மறுபடி ஏலம் விடச் சொல்ல முடியுமா?

ஆகையால் துறைமுகத்துக்குள் நுழையும் முன்பே, தெரு விளக்கின் அடியில் நின்று பூட்ட வேண்டியதைப் பூட்டிவிடுங்கள். பல காமிராக்களில் மேல் சக்கரத்தின் நடுவே ஒரு குமிழ் இருக்கும். அதை அமுக்கினால்தான் சக்கரம் நகரும். சிலவற்றில் பின்புறம் ஒரு பூட்டு விசை. அதைத் தள்ளிவிட்டால் சக்கரங்கள் சும்மா சுற்றும், கணக்கு மாறாது. எந்தெந்தச் சக்கரத்துக்கு அந்தப் பூட்டு பொருந்தும் என்பதைக் காமிராவின் பட்டியலுக்குள் போய் நீங்களே சொல்லி வைக்கலாம். தொடுதிரையையும் அணைத்துவிடுவது உத்தமம். கண்ணை வைத்துப் பார்க்கும்போது மூக்கு நுனி திரையில் பட்டு, ஏலக்காரர் முகத்தில் இருக்க வேண்டிய குறி பின்னால் நிற்கும் சைக்கிளுக்குப் போய்விடுவது உண்டு!

பூட்டே இல்லாத காமிரா என்றால்? கறுப்புத் துணி டேப் ஒரு துண்டு போதும். ஒரு முனையை மடித்து ஒட்டினால் அவசரத்துக்கு உரிக்கச் சுலபம். எலெக்ட்ரிஷியன் வைத்திருக்கும் பிளாஸ்டிக் டேப் வேண்டாம். நம் ஊர் வெயிலில் அதன் பசை இளகி ஒட்டிக்கொள்ளும். லென்ஸின் பக்கத்தில் தானியங்கிக் குவியத்துக்கும் கைக் குவியத்துக்கும் ஒரு சின்ன விசை இருக்கிறதே, அதன் மேலும் ஒரு துண்டு ஒட்டி விடுங்கள். பையிலிருந்து எடுக்கும்போது அதிகமாக நகர்வது அதுதான்.

ராயபுரத்தில் ஒரு நிதானம்

விடிந்ததும் ராயபுரம் ரயில் நிலையத்துக்கு நடக்கலாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வண்டி 1856 ஜூலை 1-ஆம் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. 1873-இல் சென்ட்ரல் வரும் வரையில் பட்டணத்தின் ரயில் வாசல் இதுவே. அந்தப் பழைய கட்டடம் இன்றும் உயர்ந்த தூண்களோடு நிற்கிறது. அதிகாரிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு படம் எடுங்கள். துறைமுக மதில் பக்கம் மட்டும் காமிராவை நீட்ட வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட பகுதி.

இங்கே தூண் எங்கேயும் ஓடிப் போகாது. ஆகவே பரிசோதனைக்கு ஏற்ற இடம். இடம் மாறும்போதெல்லாம் ஒரு வெற்றுப் படம் எடுத்து, அதன் கணக்கைத் திரையில் பாருங்கள். ஷட்டர், துவாரம், ஐ.எஸ்.ஓ., கூட்டல் கழித்தல், குவியம் என்று தினமும் ஒரே வரிசையில் பார்த்தால் பத்து வினாடி கூட ஆகாது. டிக்கெட்டும் சில்லறையும் சரியா என்று கண்டக்டர் விரலால் எண்ணிப் பார்க்கிறாரே, அந்த மாதிரிப் பழக்கம்.

ஒற்றியூரில் உச்சி வெயில்

பீச் ஸ்டேஷனிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயில் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மூன்றிலும் நிற்கும். 2021 முதல் மெட்ரோ ரயிலும் விம்கோ நகர் வரை ஓடுகிறது. விம்கோ என்பது தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும் இந்த ஒற்றியூரில் தயாரானதுதான்.

ஆலைகளுக்கு நடுவே தியாகராஜ சுவாமி கோயில். சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம். மூலவர் ஆதிபுரீசுவரருக்கு ஆண்டு முழுவதும் கவசம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டுமே கவசம் இல்லாத தரிசனம். சந்நிதியில் காமிராவுக்கு வேலை இல்லை, கைகூப்பிவிட்டு வாருங்கள். கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது.

அங்கே உச்சி வெயில் கொளுத்தும். காசிமேட்டு இருட்டுக்கு வைத்த ஐ.எஸ்.ஓ. 3200-ஐயும் எஃப் 4 துவாரத்தையும் அப்படியே விட்டிருந்தால், 1/8000 வினாடி ஷட்டர் கூட ஈடு கொடுக்காது. இதற்குத்தான் சக்கரத்தில் 'சி-1, சி-2' என்றோ 'யூ-1, யூ-2' என்றோ நினைவறைகள் வைத்திருக்கிறார்கள். இருட்டுக் கணக்கை ஒன்றிலும் வெயில் கணக்கை மற்றொன்றிலும் வீட்டிலேயே பதிந்து வைத்துவிடுங்கள். நடுவில் என்ன குளறுபடி நடந்தாலும், காமிராவை அணைத்து மூட்டினால் பல மாடல்களில் பதிந்த கணக்கே திரும்ப வந்துவிடும். மாற்றங்களைத் தானாகவே பதிந்துகொள்ளும் வசதி இருந்தால் அதை மட்டும் நிறுத்தி வையுங்கள்.

"ரா கோப்பாக எடுத்தால் எல்லாம் சரி செய்துகொள்ளலாமே" என்பீர்கள். நிறத்தைச் சரி செய்யலாம், வெளிச்சத்தை ஓரளவு திருத்தலாம். ஆடிப்போன படத்தையும் குவியம் தப்பிய படத்தையும் யாரும் மீட்க முடியாது.

எண்ணூர்க் கழிமுகம்

கடைசியாக எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடம். ஒரு பக்கம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மறு பக்கம் இடுப்பளவு நீரில் மனிதர்கள். இருளர் பெண்கள் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு வெறுங்கையால் இறால் பிடிக்கும் காட்சியை மு. பழனி குமார் என்ற புகைப்படக்காரர் படம் பிடித்திருக்கிறார். மீன் விற்ற தாயாரின் பிள்ளை அவர்.

2017 ஜனவரி 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்தருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரை ஒதுங்கிய எண்ணெயை ஜனங்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து இந்தக் கழிமுகத்துக்கே வந்தது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப் போயின. அந்த வாளியையும் கறுத்த வலையையும் ஊர் உலகம் பார்த்தது புகைப்படங்களில்தான். அப்படிப்பட்ட நேரத்தில் அங்கே நிற்பவரின் காமிராவில் ஒரு சக்கரம் தவறித் திரும்பியிருந்தால், நஷ்டம் அவரோடு போகாது. நிவாரணம் கேட்டு நிற்கிறவனின் கையிலிருந்து ஒரு சாட்சி போய்விடும்.

ஆகவே எண்ணூரில் இறங்கியதும் முதலில் பூட்டைப் பாருங்கள், பிறகு நீரில் நிற்பவரிடம், "ஐயா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். அவர் சிரித்தபடி தலையசைப்பதற்குள் உங்கள் காமிரா தயாராக இருக்கட்டும்.