மீன் துண்டு யாருக்கு?

கொழும்பில் ஜிம்முக்குப் போற எங்கட வயசு ஆக்களிடம் ஒரு பயம் இருக்கு. டம்பெல்லைக் கீழே வைத்ததும் மணிக்கூடு ஓடத் தொடங்குதாம். அரை மணித்தியாலத்துக்குள் புரதம் வயிற்றுக்குள் போகாட்டி, செய்த பயிற்சி எல்லாம் வீணாம். இதைச் சொல்லித் தாற ஆக்களில் கனபேர், சொல்லி முடிக்கவே ஒரு டின்னையும் எடுத்துக் காட்டுவினம்.

நாங்கள் நாலு பேர், கலைப்பீடத்து ஆக்கள். ரெண்டு பேர் வெள்ளவத்தை, ரெண்டு பேர் கொட்டாஞ்சேனை. பின்னேரங்களில் மரைன் டிரைவில் ஓடுவோம், கிழமையில் மூன்று நாள் பாரம் தூக்குவோம். டின்னுக்குக் காசு சேர்க்கத் தொடங்க முதல், இந்த அரை மணித்தியாலக் கதை உண்மையோ என்று தேடி வாசித்தோம்.

பாரம் தூக்கிய தசை, புதுப் புரதத்தைக் கட்டுற வேலையை ஒரு நாளுக்கு மேலாகவும் தொடருது. அரை மணித்தியாலத்தில் பூட்டிவிடுகிற கதவு ஒன்றும் அங்கே இல்லை. 2013இல் ஷோன்ஃபெல்ட், அராகன், க்ரீகர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பயிற்சிக்குக் கிட்டிய நேரத்தில் புரதம் எடுத்தவர்களுக்குத் தசை கொஞ்சம் கூட வளர்ந்தது மாதிரித்தான் முதலில் தெரிந்தது. ஆனால் அவர்கள் நாள் முழுக்கச் சாப்பிட்ட புரதமும் கூட. அதையும் கணக்கில் எடுத்தபோது நேரத்தின் பலன் கிட்டத்தட்ட மறைந்துபோனது. 2018இல் 49 ஆய்வுகளைத் தொகுத்த இன்னொரு கட்டுரை அளவையே சொன்னது: பாரம் தூக்குகிறவருக்கு, உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு, ஒரு நாளைக்குச் சுமார் 1.6 கிராம் புரதம். அதைத் தாண்டினால் சராசரியாகப் பெரிய லாபமில்லை. 60 கிலோ ஆளுக்கு அது 96 கிராம். (சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் இந்தக் கணக்குக்குப் போக வேண்டாம்.)

இப்ப எங்கட கோப்பையைப் பாருங்கோ. காலமை பாணும் சம்பலும். மத்தியானம் கடைப் பார்சல்: மலை மாதிரிச் சோறு, ரெண்டு மரக்கறி, ஒரு கரண்டி பருப்பு. இரவு இடியப்பமும் சொதியும். வயிறு நிறையும். ஆனால் அவிச்ச சோறு 100 கிராமில் புரதம் 3 கிராம்கூட இல்லை. அதுக்காகச் சோறு எதிரியும் இல்லை. ஓடும்போது தசையில் செலவாகிற சேமிப்புச் சர்க்கரையைத் திரும்ப நிரப்புகிறது இந்தச் சோறும் பாணும்தான். குறை, சோற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற இடத்தில்.

அந்த இடத்தை நிரப்பிப் பார்த்தோம். காலமைப் பாணோடு ரெண்டு முட்டை: 12 கிராம். மத்தியானம் கையளவு மீன் துண்டு அல்லது டின்மீன் 100 கிராம்: 20க்குக் கிட்ட. பருப்பை ஒரு கரண்டியில் நிற்பாட்டாமல் கிண்ணமாகப் போட்டால் இன்னுமொரு 10. ஓடிவிட்டு வந்து கடலை, காய்ந்த நிறையில் 100 கிராம், ஊறவைத்து அவித்துத் தாளித்தது: 20க்குக் கிட்ட. இரவில் சோயாமீற் 30 கிராம்: 15. மிச்சத்தைச் சோறும் பாணும் இடியப்பமும் சேர்த்துத் தந்துவிடும். மச்சம் சாப்பிடாத எங்கட ஒருத்தி மீனுக்குப் பதிலாகத் தயிரும் கச்சானும் கூடுதல் பருப்பும் எடுக்கிறாள்.

தானியத்தில் குறைகிற லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பு வகையில் நிறைய இருக்கு. பருப்பில் குறைகிற மெதியோனின் தானியத்தில் இருக்கு. சோறும் பருப்பும், உளுந்தும் அரிசியும் அரைத்த தோசையும் இந்தக் கணக்கில் சரியாக வரும். 1973இலிருந்து கிளினிக்குகளில் கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுக்கிற திரிபோஷாவிலும் சோளமும் சோயாவும்தான் சேருது.

டின்னில் இருக்கிற வே புரோட்டீன் நஞ்சு இல்லை. பாலைத் திரைத்துச் சீஸ் எடுக்கும்போது பிரிகிற தண்ணியிலிருந்து வாற புரதம் அது. ஒரு கரண்டியில் 20 கிராமுக்கு மேல் இருக்கும். சமைக்க நேரமில்லாதவருக்கு வசதி. ஆனால் கடலைச் சட்டி செய்யாத எதையும் அது செய்துவிடாது.

சட்டியும் லேசாக நிரம்புறதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருஷத்துக்குள் சாப்பாட்டுச் சாமான்களின் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்க வேண்டி வந்தது. அந்த நாட்களில் எங்கட வீடுகளில் முதலில் குறைந்தது சோறு இல்லை. முட்டையும் மீனும் பால்மாவும்தான்.

குறையும்போது யாருக்குக் குறையுது என்றதுதான் எங்களுக்குள் பெரிய கதையானது. எங்கட நாலு வீட்டிலும் ஒரே பழக்கம். பெரிய துண்டு, "அவன் ஜிம்முக்குப் போறவன்" என்று மகனுக்கு. அம்மா கடைசியாகக் குழம்பும் சோறும். அதே ஜிம்முக்குப் போற மகளுக்குக் கிடைக்கிற புத்திமதி, "மெலியத்தானே போறாய், இரவில சாப்பிடாதை." தசைக்கு ஆண், பெண் பார்க்கத் தெரியாது, கிலோவுக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு ரெண்டு பேருக்கும் ஒன்றுதான். பயிற்சியைக் கூட்டிச் சாப்பாட்டைக் குறைத்தால் மாதவிடாய் நிற்கலாம், எலும்பு பலவீனமாகலாம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதுக்கு ஒரு பெயரே வைத்து எச்சரித்தது. அம்மாமாருக்கோ, ஜிம்முக்குப் போகாட்டியும், வயசு போகப்போகத் தசை கரையும். அவைக்கும் புரதம் வேணும்.

அதனால் இப்ப ரெண்டு விஷயம் செய்யிறோம். கிழமைக்கு ஒருக்கா நாலு பேரும் காசு போட்டுக் கடலையும் பயறும் மொத்தமாக வாங்கிப் பிரிக்கிறோம். வீட்டில், சாப்பிட இருக்க முதல் மீனை ஆளெண்ணிப் பங்கு வைக்கிறோம். அம்மாமார் முதலில் சிரிச்சவை, ஒரு அம்மா பேசியும் விட்டா. ஆனால் பங்கு வைத்த துண்டைத் திருப்பிச் சட்டிக்குள் போட இப்ப ஒருத்தரும் விடுறதில்லை.