செக்ரோலும் கடவுச்சொல்லும்

அண்மையில் பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்குப் போயிருந்தேன். கணினி படித்த என் அக்காவின் பேரன் மடிக்கணினியோடு லயத்து வாசலில் அமர்ந்திருந்தான். வெளியூர்த் தோட்டமொன்றின் வேலைக் கணக்கை இணையத்தளமாக்கும் பணி அவனிடம் வந்திருந்தது.

“தாத்தா, ‘ரோல்’ என்பதற்கு ஒரு நல்ல தமிழ்ச்சொல் வேண்டும்” என்றான்.

தளத்தின் முகவரி ஒன்றுதான். துரை கடவுச்சொல்லிட்டு நுழைந்தால் தோட்டம் முழுவதின் கணக்கும் விரியும். கிளாக்கர் நுழைந்தால் சம்பளப் பட்டியல் வரும். கங்காணிக்குத் தம் ஆட்களின் வரவு மட்டுமே. இது எனக்குப் புதிதன்று. பத்திரிகைக் காரியாலயக் கணினியிலும் செய்தியாளர் தம் செய்தியை மட்டும் திறப்பார். பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் பொத்தான் ஆசிரியரின் திரையில்தான் இருக்கும். அனுமதியை ஆளுக்கன்றிப் பொறுப்புக்கு வழங்கும் இம்முறையை 1992இல் அமெரிக்காவின் டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும் வரையறுத்து எழுதினர். ஆள் மாறினாலும் அனுமதி பொறுப்போடு நிற்கும்.

‘ரோல்’ என்றதும் எனக்கு நினைவு வந்தது வேறொன்று: செக்ரோல்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்பார்கள். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பெரட்டுக்குப் போய்வந்த நாள்களை என் பள்ளிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடுகளாக என்னைக் குறிக்கச் சொல்வார். ஒரு மாதம் சம்பளத்தில் இரண்டு பேர் குறைந்தது. கொப்பியை எடுத்துக்கொண்டு இருவரும் காரியாலயத்துக்குப் போனோம். “செக்ரோலில் இல்லை” என்றார்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தப் புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டவில்லை. நாற்பதாண்டுகள் கொழுந்து பறித்த அம்மா, தம் பெயர் எழுதிய பக்கத்தைக் கடைசிவரை கண்டதில்லை.

போனது இரண்டு நாள் கூலி மட்டுமன்று. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின் கீழ் அந்த நிதிக்குச் சேரும் பணம் சம்பளத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. இன்று தொழிலாளியின் பங்கு 8 வீதம், தொழில்தருநரின் பங்கு 12 வீதம். ஒரு பேர் விடுபட்டால் முதுமைக்கான சேமிப்பிலும் அது குறையும்.

பேரனிடம் கேட்டேன்: “துரை, கிளாக்கர், கங்காணி. தொழிலாளி எங்கே?”

“அவர்கள் மூன்றுதான் கேட்டார்கள், தாத்தா.”

சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு நான்காவதைச் சேர்க்கத் தொடங்கினான். அதில் தொழிலாளி தம் நாள்கள், கொழுந்தின் நிறை, பிடித்தம், நிதிக்குச் சேர்ந்த தொகை ஆகியவற்றைத் தமிழிலோ சிங்களத்திலோ பார்க்கலாம். திருத்த முடியாது, ஆனால் ‘இது பிழை’ என்று பதியலாம்.

பிறகு அவன் ஒன்றைச் செய்து காட்டினான். பக்கத்தின் முகவரியிலிருந்த எண்ணை மாற்றினான். வேறொருவரின் கணக்கு திறந்தது. “திரையில் மறைப்பது போதாது. உரியவர் கேட்டாலன்றி வழங்கி அந்த விவரத்தை அனுப்பவே கூடாது. ஒவ்வொரு முறையும் அங்கே சோதிக்க வேண்டும்” என்றான். இணையப் பாதுகாப்பை ஆராயும் ‘ஓவாஸ்ப்’ அமைப்பு 2021இல் வெளியிட்ட அபாயங்களின் பட்டியலில் முதலிடம் பெற்றது இந்த அனுமதிக் கோளாறுதான். அன்றிரவே அதைச் சரிசெய்தான்.

அடுத்தவர் கணக்கைப் பூட்டுவது அவசியம். தம் கணக்கைத் தாமே பார்க்க வழிவிடுவதும் அதே அளவு அவசியம். முதலாவதைப் பாதுகாப்பு என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். இரண்டாவதை யாராவது கேட்டால்தான் நினைக்கிறோம்.

‘ரோல்’ என்பதற்கு ‘வகிபாகம்’ என்று சொன்னேன். நீளம் என்று சொல்லி ‘பொறுப்பு’ என்றே போட்டுக்கொண்டான். நான்காவதைத் தோட்ட நிர்வாகம் ஏற்குமா என்று கேட்டேன். “காட்டிப் பார்க்கிறேன், தாத்தா” என்றான்.