கழற்றிய பிளேட்டின் சாட்சி

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரம் லாரியை நம்பி வாழும் நிலம். பாடி கட்டும் கூடங்கள், டயர் கடைகள், லேத் பட்டறைகள் என்று சாலையோரம் முழுக்க அந்தத் தொழில்தான். அவற்றுக்கு நடுவே, பழைய டாடா, அசோக் லேலண்ட் வண்டிகளுக்குக் கிளட்ச் வேலை பார்க்கும் சிறு ஒர்க்‌ஷாப்புகளைக் கவனித்தபோது எனக்கு எழுந்த கேள்வி, அங்கே எதற்குக் கூலி கொடுக்கிறார்கள் என்பதுதான். ‘கியர்பாக்ஸ் இறக்கி ஏத்த எவ்வளவு?’ என்றுதான் பேரம் தொடங்குகிறது. பாரம் தூக்குவதற்கு விலை உண்டு. கழற்றிய பாகத்தைப் பார்த்து, அது ஏன் கெட்டது என்று சொல்வதற்குத் தனி விலை கிடையாது. இந்தத் தொழிலின் மதிப்பே அந்தப் பார்வையில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

இறக்கி ஏற்றுவது லேசான வேலை என்று நான் சொல்லவில்லை. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி, கியர், கிளட்ச் இணைப்புகளைப் பிரித்த பிறகே கியர்பாக்ஸ் இறங்கும். நூறு கிலோவைத் தாண்டும் அந்த இரும்பை ஜாக்கியில் தாங்கி நேராகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறார்கள். ஒரு பக்கத்தை மட்டும் முழுதாக விட்டால் ஸ்பிரிங் விசையில் கவர் கோணிக்கொள்ளும். புதுக் கிளட்ச் பிளேட்டை மாட்டும்போது பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றை நடுவில் செருகி மையம் பிடிக்கிறார்கள். மையம் தப்பினால் கியர்பாக்ஸ் திரும்ப உள்ளே போகாது. பழகிய கைகள் இவ்வளவையும் செய்துவிடும். பழக்கம் மட்டும் போதாத கட்டம், பழைய பிளேட் வெளியே வந்ததும் தொடங்குகிறது.

வண்டிகள் பெரும்பாலும் ‘ஸ்லிப் அடிக்குது’ என்ற ஒரே புகாரோடுதான் வருகின்றன, காரணங்களோ பல. லைனிங் சீராகத் தேய்ந்து ரிவெட் தலைவரை வந்திருந்தால் அது ஓடிய ஓட்டத்தின் தேய்மானம். லைனிங் கனமாக இருந்தும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தால், எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸின் முன்பக்க சீலோ கசிகிறது; சீலை விட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றினால் புதியதும் நனைந்துபோகும். ஃப்ளைவீலில் நீலத் திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் தெரிந்தால் அளவுமீறிய சூடு. ரிலீஸ் பேரிங் கரகரத்து, அது தொடும் பிரஷர் பிளேட் விரல்களின் நுனி தேய்ந்திருந்தால், பெடலில் ஃப்ரீ ப்ளே இல்லாமல் வண்டி ஓடியிருக்கலாம். அல்லது பெடல்மேலேயே கால் இருந்திருக்கலாம்.

கிளட்ச் போனால் ஓனரின் சந்தேகம் முதலில் டிரைவரின் இடது கால்மேல்தான் விழுகிறது. பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சூட்டின் கணக்கு இருவரையும் கூண்டில் ஏற்றுகிறது. சமதரையில் வண்டி கிளம்பும்போது கிளட்சில் பிறக்கும் சூடு, பிளேட் முழுதாகப் பிடிக்கும் நேரத்தில் வண்டி பெற்றிருக்கும் இயக்க ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமம். முதல் கியரை விட்டு இரண்டாம் கியரில் கிளப்பி, பிடிக்கும் வேகம் ஒன்றேமுக்கால் மடங்கானால், சூடு மூன்று மடங்காகிவிடும். அது டிரைவர் கணக்கு. லோடு ஏறி வண்டியின் மொத்த எடை கூடினால் அதே விகிதத்தில் சூடும் கூடும். மேட்டில் இன்னும் அதிகம். அது லோடு ஏற்றச் சொன்னவர் கணக்கு. நீலத் திட்டு சூட்டைக் காட்டுமே தவிர ஆளைக் காட்டாது. வண்டி எந்த ரூட்டில், எவ்வளவு பாரத்தோடு ஓடியது என்று விசாரித்துத்தான் நல்ல மெக்கானிக் காரணத்துக்கு வருகிறார்.

பாகம் விற்பதில் ஆதாயம் உள்ளவர் சொல்லும் காரணத்தை நம்பலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் யோசனைக்குக் கூலி இல்லாததால்தான் அவர் பாகத்தில் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. அதோடு, நல்ல யோசனை பல சமயம் செலவு போலத் தோன்றும். பிளேட்டோடு ரிலீஸ் பேரிங்கையும் பைலட் பேரிங்கையும் மாற்றச் சொல்வது வீண்செலவு அன்று. சின்ன பேரிங் ஒன்றுக்காக மறுபடி கியர்பாக்ஸை இறக்குவதே பெரிய நஷ்டம். ஃப்ளைவீலை லேத்தில் கடைவது அப்படியல்ல. திட்டும் பள்ளமும் இருந்தால்தான் தேவை. அதை ஓனரே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

கிளட்ச் பெடலே இல்லாத ஏ.எம்.டி. லாரிகள் வந்தபின் இந்தத் திறமைக்கு என்ன வேலை என்பது இன்னொரு கேள்வி. அவற்றில் கால் செய்ததைக் கணினி செய்கிறது. உள்ளே உரசுவது அதே உலர் பிளேட்தான். பிளேட் நழுவுவதைக் கணினி சொல்லும். எந்த சீல் கசிகிறது என்பதைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். பழைய முறையில் எல்லாமே போற்றத் தக்கவை என்றும் சொல்லமாட்டேன். கிளட்ச் உறையிலுள்ள தூசியைக் காற்றடித்து ஊதுவதை நிறுத்த வேண்டும். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுக்கப் பெரிய செலவு ஆகாது.

ஆகவே பில்லில் இன்னொரு வரி வேண்டும்: பழைய பிளேட் எதனால் கெட்டது என்ற குறிப்பும், அதைப் பார்த்துச் சொன்னதற்கான கூலியும். அந்தக் குறிப்பு இருந்தால், சீல் கசிவுக்காக டிரைவர் சம்பளத்தில் பிடித்தம் செய்ய முடியாது. தவறான கியரில் கிளப்பிய டிரைவர் லோடைக் காட்டித் தப்பவும் முடியாது. மெக்கானிக்குக் கொடுக்கும் அந்தத் தொகை, அடுத்த முறை கியர்பாக்ஸ் இறக்கும் கூலியைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.