நண்டுக்கால் ஹெரால்டு

2023 டிசம்பர் வெள்ளத்துல வாசல்ல தண்ணி ஏறினப்ப எடுத்த சபதம்:
அப்பாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைக் கொஞ்சம் உசத்தணும்.

பின் ஸ்பிரிங்குல ரெண்டு பிளேட் கூடுதலாப் போட்டேன்.
வண்டி உசந்துச்சு.
கூடவே பின் வீலு ரெண்டும் அடிப்பக்கம் உள்ளே மடங்கி, தெரேஸ்புரம் கடற்கரையில நண்டு நிக்குற மாதிரி நின்னுச்சு.

அம்பாசடர்னா இந்தத் தொல்லை கிடையாது. ஒரே ஆக்சில், எவ்வளவு தூக்கினாலும் வீலு நேரா நிக்கும்.
ஹெரால்டுக்கு ஆக்சில் ரெண்டு துண்டு. றெக்கை மாதிரி தனித்தனியா ஆடும். பாடி ஏறினா வீலு சாயும். வேகமா வளைச்சா இன்னும் மோசம்.
பின்னாடி வந்த கெசல் மாடல்ல கம்பெனியே ஒரே ஆக்சிலுக்கு மாறிடுச்சு.

அலைன்மென்ட் பண்ணலாம்னு போனா, திருக ஒரு போல்ட்டு கூட இல்ல.
"போட்ட பிளேட்டைக் கழட்டுங்க அண்ணாச்சி, தானா நேராயிரும்"னாரு மெக்கானிக்.

கழட்டியாச்சு. ஜாக்கிய இறக்கினா...
அப்பவும் நண்டு!
எனக்கு வயித்துல புளி கரைக்குது. அவரு சிரிச்சுக்கிட்டே, "பத்தடி தள்ளுங்க"ன்னாரு.
உருண்டதும் மெல்ல நிமிர்ந்துருச்சு.

செலவு ரெண்டு தடவை. உயரம் பழையபடி.
அடுத்த மழைக்கு வண்டிய நிறுத்த, மேட்டுல வீடு இருக்கவுக யாராச்சும் இருக்கீகளா மக்கா?