மூன்றாவது மாடி

மயிலாப்பூர் தண்ணித்துறை மார்க்கெட்டுக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். மூன்றாவது மாடி. பெரியவர் கட்டிலில் வலது காலைத் தலையணைமேல் நீட்டியிருக்கிறார். நர்ஸ் கட்டைப் பிரிக்கிறாள். ஒட்டிக்கொண்ட காஸில் சலைனை ஊற்றி, ஊறவிட்டு உரிக்கிறாள். அவர் முகத்தில் சுளிப்பே இல்லை. பேப்பர் படிக்கிறார்.

கட்டைவிரலுக்குக் கீழே, பாதம் புடைத்த இடத்தில் புண். நடுவில் மாதுளை முத்தின் சிவப்பு. ஓரமெல்லாம் தடித்து வெளுத்த தோல். சித்திரை வெயிலில் கபாலி கோயில் பிரகாரம் சுற்றிய அன்று கொப்புளம் போட்டிருக்கிறது. பல வருஷச் சர்க்கரையில் நரம்பு மரத்த கால், சுட்டது தெரியவில்லை. மொசைக் தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்துச் சொன்னது மனைவிதான்.

நர்ஸ் புண்ணருகே காகித ஸ்கேலை வைத்துப் படமெடுத்து அனுப்புகிறாள். சற்று நேரத்தில் வீடியோ கால். அடையாறிலிருந்து டாக்டர்.

"அம்மா, கட்டு பிரிச்சப்போ வாடை அடிச்சுதா?"

நர்ஸ் நீட்டிய பழைய காஸை அம்மாள் குனிந்து முகர்கிறார். "இல்லீங்க. போன வாரம் அடிச்சுது."

"புறங்கையால ரெண்டு பாதத்தையும் மேல தொட்டுப் பாருங்க. இந்தக் கால் மட்டும் சூடா இருக்கா?"

தொடுகிறார். மாற்றித் தொடுகிறார். "ஒரே மாதிரிதான் இருக்கு."

இப்படித் தூரத்திலிருந்தே சர்க்கரை நோயாளிகளைப் பார்க்க, ஏறக்குறைய இருபது வருஷத்துக்கு முன், சூனாம்பேடு என்ற ஊரைச் சுற்றிய 42 கிராமங்களுக்குக் கோபாலபுரத்துச் சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் மோகன் குழுவினர் இஸ்ரோ செயற்கைக்கோள் தொடர்புள்ள வேனை அனுப்பினார்கள். பாதத்தின் உணர்ச்சியையும் ரத்த ஓட்டத்தையும் பார்க்கும் கருவிகள் அந்த வேனிலேயே இருந்தன. அங்கே குறுக்கே நின்றது தூரம். இங்கே அடையாறு ஆட்டோவில் எட்டிவிடும். குறுக்கே நிற்பவை படிகள். இறங்கும்போதும் ஏறும்போதும் உடம்பின் பாரமெல்லாம் அந்தப் புண்மேல்தான் விழும்.

"ஓரத்துத் தோலைச் சீவணும். அதை போன்ல செய்ய முடியாது. சனிக்கிழமை நேர்ல வந்துடுங்க."

பெரியவர் பேப்பரைத் தாழ்த்துகிறார். "மெதுவா நடந்தே இறங்கிடுவேன் டாக்டர். வலியே இல்ல."

"வலிச்சா நீங்களே நடக்க மாட்டீங்க சார். வலிக்கலையேன்னுதான் எனக்குப் பயம்."

அம்மாள் ஜன்னல் பக்கம் போய், கீழே இஸ்திரிக் கடையைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார். "தம்பி, சனிக்கிழமை காலையில ரெண்டு பேர் மேல வாங்கப்பா. ஐயாவை நாற்காலியோட எறக்கணும்."