அடுத்தவர் புத்தகம்

"சும்மா வீட்டுலதான இருக்க? பிள்ளையக் கொஞ்சம் பாத்துக்கோ!"

இவ்வாறு கூறிக் குழந்தையை என் மடியில் விட்டுச் சென்றார் அண்டை வீட்டு அக்கா. மடியிலே குழந்தை; மேசையிலே கணினி; கணினியிலே பாதியில் நிற்கும் பாடம். நான் சும்மாவா இருந்தேன்? நாலடி தள்ளிச் சுளகை மடியில் வைத்துக் காலை முதல் பீடி சுற்றிக்கொண்டிருந்த என் தாயாரும் சும்மாவா இருந்தார்? வாயிற்படி தாண்டாத உழைப்பை உழைப்பென்று ஒப்ப ஊருக்கு மனமில்லை!

தோழர்களே! இலஞ்சி என் ஊர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே, மலையடியில் உள்ள வயலூர். சாரல் காலத்தில் அருவியாட வருவோர் எங்கள் வயல்களின் பசுமையைப் பாராட்டிச் செல்வர். அச்சாரல் வீட்டினுள் நுழைந்தாலோ, தூள் நமுத்துப் போகும், பீடி ஈரமாகும், கடையிலே கழிவு கூடும். ஒருவர்க்கு இன்பமூட்டும் மழை, மற்றொருவர் கூலியைக் கரைக்கிறது.

நான் கலைப் பட்டம் பெற்றவள். தனியார் பள்ளியொன்றில் ஆசிரியை. அங்கு பெறும் ஊதியம் மாதத்தின் இருபதாம் நாளைக் கண்டதில்லை. ஆகவே இரவிலும் விடுமுறையிலும் வீட்டிலிருந்தே எழுத்து வேலை ஏற்றேன். வினா-விடை நூல் எழுதுவது, மொழிபெயர்ப்பது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. மேலதிகாரி இல்லை, பேருந்துச் செலவில்லை, நேரம் என் கையில் என்று பூரித்தேன்.

அந்தப் பூரிப்பு சென்ற ஆண்டோடு முடிந்தது. வெளியூர்ப் பதிப்பகம் ஒன்று தொலைபேசியிலேயே பேசி 180 பக்க நூல் கேட்டது. மூன்று மாதம் இரவு விழித்து எழுதி அனுப்பினேன். பேசிய பணத்தில் பாதி வந்தது. பின்னர் நூலும் வந்தது. அட்டையில் என் பெயர் இல்லை; நான் அறியாத ஒருவர் பெயர் இருந்தது! கேட்டேன். "எழுத்து ஒரு தவம், அம்மா! தவத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?" என்றனர். தவம் என் தலையில், வரம் அவர் பையில்!

அழுதேன், மறைப்பானேன்? அம்மா சுளகை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏட்டி, பாஸ்புக்கு உண்டா?"

"பாஸ்புக்கு எதுக்கும்மா? போன்லதான் பேசுனாங்க."

"அப்பம் நீயும் அடுத்தவ புக்குலதான் சுத்தியிருக்க."

அந்த ஒரு சொல்லில் எல்லாம் விளங்கிற்று. அம்மா தொழில் தொடங்கிய முதல் ஆறு ஆண்டுகள் அவர் பெயரில் புத்தகம் இல்லை. வேறொருத்தியின் புத்தகத்தில் இலையும் தூளும் வாங்கிச் சுற்றினார். விரல் தேய்ந்தது அம்மாவுக்கு; சேமநல நிதி சேர்ந்தது மற்றவளுக்கு. ஐந்தாம் வகுப்போடு நின்ற அவர் பட்டறிவால் கண்டதை, பட்டம் பெற்ற நான் காணவில்லையே!

வீட்டிலிருந்து உழைப்பவர் தொழிலாளியே அல்லர் என்ற வாதம் புதிதன்று. பீடி முதலாளிகள் நெடுங்காலம் அதைத்தான் சொன்னார்கள். 1966இல் இயற்றப்பட்ட பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், மூலப்பொருளை வாங்கிச் சென்று வீட்டில் சுற்றுவோரையும் தொழிலாளர் என்றது. அச்சட்டத்தை எதிர்த்து வழக்காடினர். 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. சேமநல நிதியும் வீட்டில் சுற்றுவோர்க்கு உண்டென்று 1985இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை எவராவது இரங்கி இட்ட பிச்சையா? சங்கமாகச் சேர்ந்து, கேட்டுப் போராடிப் பெற்றவை.

எழுதுவோர்க்குச் சட்டம் இல்லையா? உண்டு, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். ஊழியராக அல்லாமல் தனித்து எழுதுபவரே தம் எழுத்தின் முதல் உரிமையாளர். அவ்வுரிமையை வாங்க விரும்புவோர் அவர் கையொப்பமிட்ட எழுத்தைப் பெறவேண்டும். வெறும் வாய்ப்பேச்சுச் செல்லாது. உரிமையை விற்ற பின்னும், "இதை ஆக்கியவர் நானே" என்று சொல்லும் உரிமையை 57ஆம் பிரிவு காக்கிறது. இத்தனையும் ஏட்டிலே இருக்க, நான் ஏமாளியாய் இருந்தேன். ஏன்? ஒவ்வோர் எழுத்தாளரும் ஒவ்வோர் அறையில் தனியே இருக்கிறோம். பக்கத்து அறையில் என்ன கூலி என்பதை நாம் அறியோம். நம் தனிமைதான் அவர்களுக்கு ஆதாயம்!

புலவர், வள்ளலின் வாயிலில் பரிசிலுக்குக் காத்துநின்ற காலம் ஒன்று உண்டு. ஆங்கில நாட்டு அகரமுதலி அறிஞர் சாமுவேல் ஜான்சன், உழைத்த நாளெல்லாம் உதவாமல் நூல் முடிந்தபோது பாராட்ட வந்த செல்வரை, 1755இல் ஒரு கடிதத்தால் மறுத்தார். பெண் எழுத வேண்டுமானால் தனியறையும் ஆண்டுக்கு 500 பவுன் வருவாயும் வேண்டும் என்று 1929இல் எழுதினார் வர்ஜீனியா உல்ஃப். எனக்குத் தனியறை இல்லை. அம்மாவின் சுளகுக்கு அருகில் ஒரு மேசை உண்டு. போதும். ஆனால் கூலி வேண்டும், பெயர் வேண்டும், இரண்டும் எழுத்தில் வேண்டும்.

அடுத்து வேலை தர வந்த இருவருக்கும் மூன்றே நிபந்தனைகள் எழுதினேன்: கூலி இவ்வளவு, தரும் நாள் இது, அட்டையில் என் பெயர். ஒருவர், "வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். அம்மாதம் மளிகைக் கடையில் கடன் ஏறிற்று. நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று ஓரிரவு மனம் தடுமாறியதும் உண்மை. மற்றவர் இருபது நாள் கழித்துக் கையெழுத்திட்டு அனுப்பினார். 40 பக்கச் சிறு நூல்தான், கூலியும் சிறிதுதான்.

எழுதும் தோழர்களே, தோழியரே! எழுத்தில் இல்லாத வாக்கை நம்பி எழுதத் தொடங்காதீர். பெற்ற கூலியை ஒருவருக்கொருவர் மறைக்காதீர். சேருங்கள்!

அந்தத் தாளை அம்மா வாங்கிப் பார்த்தார். "இதுல ஒம் பேரு எங்கட்டி இருக்கு?" என்றார். காட்டினேன். விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். தம் பாஸ்புத்தகம் இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து, அதன்மேல் என் தாளை வைத்து மூடிவிட்டு, மீண்டும் சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.